பியானோ பேசும் மொழி

இசை பலவகைப்படும். போர்க்களத்திலே படைவீரரை ஊக்குவது ஒரு வகை. திருவிழாவிலே ஆயிரவரை ஒருங்கே மகிழ்விப்பது மற்றொரு வகை. பெரிய அரங்கிலே நூறு கருவிகள் ஒன்றுகூடி முழங்குவது இன்னொரு வகை. இவை யாவற்றினின்றும் வேறுபட்ட இசையும் ஒன்று உண்டு. அஃது, உயிர் நண்பர் இருவர் அந்திப் பொழுதில் அருகமர்ந்து, தாழ்ந்த குரலில் தம் உள்ளத்தைத் திறந்து பேசுவதைப் போன்றது. அதனைக் கேட்போர் உடனே கைதட்டி ஆரவாரம் செய்ய விரும்புவதில்லை. அது முடிந்த பின்னரும் சிறிது நேரம் வாய் திறவாமல் இருக்கவே விரும்புவர். 19ஆம் நூற்றாண்டிலே மேலைநாட்டு இசைவாணர் பியானோ என்னும் கருவிக்கென இயற்றிய சிறு படைப்புகள் பல இவ்வகையைச் சார்ந்தனவாகும்.

ஒருவர் இயற்றி அமைத்த இசைப்படைப்பை உருப்படி என்பது நம் இசை வழக்கு. இப்பாடத்திலும் அச்சொல்லையே ஆள்வோம். மேற்கூறிய உருப்படிகளில் சொற்கள் இல்லை, கதை இல்லை, பாடுவோரும் இல்லை. அவற்றுட் சில ஒரே பக்கத்தில் அடங்குவன. இரண்டு நிமிடத்தில் முடிவன. இயற்றியவர் எழுதி வைத்தவை தாளின்மீது கோடுகளும் புள்ளிகளுமே. அவற்றைப் பிழையின்றி வாசிக்கப் பல்லாயிரவர் கற்றுள்ளனர். ஆயினும், ஒருவர் வாசிக்கும்போது நம் உள்ளம் அசைவதில்லை. மற்றொருவர் அவற்றையே வாசிக்கும்போது நம்மை அறியாமலே கண்கள் கலங்குகின்றன. சுரங்களும் அவையே, கருவியும் அதுவே. வேறுபாடு எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், முதற்கண் அக்கருவியின் இயல்பை அறிதல் வேண்டும்.

பியானோ, இத்தாலி நாட்டுப் பிளாரென்ஸ் நகரத்திலே 1700ஆம் ஆண்டையொட்டித் தோன்றியது. மெடிச்சி என்னும் புகழ்பெற்ற குடும்பத்தாரிடம் இசைக்கருவிகளைப் பேணும் பணியில் இருந்த பார்ட்டோலோமியோ கிறிஸ்டோபோரி என்பவரே அதனைப் படைத்தவர். அவருக்கு முன்னரும், கட்டைகளை அழுத்தி வாசிக்கும் தந்திக் கருவிகள் ஐரோப்பாவில் இருந்தன. அவற்றுள் ஹார்ப்சிகார்டு என்பது சிறந்து விளங்கிற்று. அதில் ஒரு கட்டையை அழுத்தினால், பறவை இறகின் சிறு முள் ஒன்று தந்தியைச் சுண்டிவிடும். கட்டையை வன்மையாக அழுத்தினாலும் மென்மையாக அழுத்தினாலும், எழும் ஒலியின் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். கிறிஸ்டோபோரி இக்குறையை நீக்க எண்ணினார். தந்தியைச் சுண்டாமல், சிறு சுத்தியல் ஒன்றால் தட்டும் பொறியை அமைத்தார். விரலின் விசைக்கேற்ப ஒலி மெலிந்தும் வலிந்தும் எழுந்தது. மெலிவும் வலிவும் உடைய கருவி என்னும் பொருளில் வழங்கிய நீண்ட இத்தாலியப் பெயரே நாளடைவில் குறுகிப் ‘பியானோ’ என்றாயிற்று. அச்சொல்லுக்கு மெலிவு என்பதே பொருள்.

இக்காலத்துப் பியானோவில் 88 கட்டைகள் உள்ளன. அவற்றுள் 52 வெண்மையானவை, 36 கருமையானவை. உள்ளே 200க்கு மேற்பட்ட எஃகுத் தந்திகள் இரும்புச் சட்டத்தில் முறுக்கிக் கட்டப்பட்டுள்ளன. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சுத்தியல் உண்டு. அதன் தலை, கம்பளியை இறுக்கிச் செய்த மெத்தையால் போர்த்தப்பட்டிருக்கும். கட்டையை அழுத்தியதும் சுத்தியல் எழுந்து, தந்தியைத் தட்டி, உடனே விலகி விழுகிறது. கட்டையினின்றும் விரலை எடுத்ததும், ஒலியடக்கி என்னும் மற்றொரு சிறு மெத்தை தந்தியின்மேல் படிந்து ஒலியை நிறுத்திவிடுகிறது. வாசிப்போரின் காலடியில் மிதிகள் உள்ளன. அவற்றுள் வலப்புறத்து மிதியை அழுத்தினால், ஒலியடக்கிகள் யாவும் ஒருங்கே மேலெழும். அப்போது, விரலை எடுத்த பின்னும் ஒலி நீடிக்கும்.

இப்பொறியமைப்பை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். சுத்தியல், தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்னரே கட்டையின் பிடியினின்றும் விடுபட்டுவிடுகிறது. வில்லை விட்ட அம்பைப் போல் அது தானே செல்கிறது. அதன்பின் அவ்வொலியை வளர்க்க வாசிப்போரால் இயலாது. பாடகர் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக வளர்க்கலாம். வயலின் வாசிப்போர் வில்லின் அழுத்தத்தால் ஒலியைப் பெருக்கலாம். வீணை வாசிப்போர் தந்தியை இழுத்துக் கமகம் காட்டலாம். பியானோ வாசிப்போருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அக்கருவியின் ஒலி, பிறந்த கணத்திலேயே தேயத் தொடங்குகிறது. இங்ஙனம் தட்டியவுடன் ஒலித்துத் தேய்ந்து மறையும் கருவியைப் பாடச் செய்வது எவ்வாறு? பியானோக் கலைஞர் ஒவ்வொருவரும் தம் வாழ்நாள் முழுவதும் விடை தேடும் வினா இதுவே.

கலைஞர் கையில் இருப்பவை மிகச் சிலவே. ஒரு சுரத்தை எவ்வளவு விசையோடு ஒலிப்பது, எப்போது ஒலிப்பது, எவ்வளவு நேரம் நிற்கச் செய்வது என்னும் மூன்றையே அவர் தீர்மானிக்கலாம். ஓவியருக்கு நூறு வண்ணங்கள் இருக்கலாம்; இவருக்கோ மூன்றே வண்ணங்கள். இம்மூன்றையும் நுட்பமாகக் கலந்தே இன்பம், துன்பம், ஏக்கம், அமைதி ஆகிய எல்லாவற்றையும் அவர் தீட்டிக் காட்டுகிறார்.

முதலாவது, விசை. பத்து விரல்களும் ஒரே வேளையில் பத்துக் கட்டைகளை அழுத்தக்கூடும். ஆனால், பத்தும் ஒரே அளவில் ஒலித்தால், எது பாட்டு, எது துணை என்பது கேட்போர்க்கு விளங்காது. அவற்றுள் ஒரு சுரமே பாட்டின் உயிர். ஏனையவை அதற்குத் துணை. பெரும்பாலும் அவ்வுயிர்ச் சுரத்தை ஒலிக்கும் பொறுப்பு வலக்கையின் சிறுவிரலுக்கு வாய்க்கிறது. ஐந்து விரல்களுள் வலிமை குன்றிய அவ்விரல் பாட வேண்டும். வலிமை மிக்க கட்டைவிரல் அடங்கி ஒலிக்க வேண்டும். ஒரே கைக்குள் இவ்வொழுங்கை நிலைநாட்டுவது எளிதன்று. பல்லாண்டுப் பயிற்சியால் வருவது. மேலும், ஒலித்த சுரம் தேய்ந்துகொண்டே போகும் என்று கண்டோம். அடுத்த சுரத்தை விசை மிகுத்து ஒலித்தால், இரண்டும் தனித்தனியே நிற்கும். முந்திய சுரம் எவ்வளவு தேய்ந்துள்ளது என்பதைச் செவியால் அளந்து, அத்தேய்வோடு பொருந்துமாறு அடுத்ததை எழுப்பினால், கேட்போர் செவி இரண்டையும் இணைத்துக்கொள்ளும். தனித்தனி முத்துகள் ஒரே கோவையாகத் தோன்றும். ஆதலால், பியானோக் கலைஞருக்கு விரற்பயிற்சியினும் செவிப்பயிற்சி இன்றியமையாதது.

இரண்டாவது, காலம். தாளம் தவறாமை இசைக்கு அடிப்படை. எனினும், கடிகாரத்தைப் போல் இம்மியும் பிறழாது செல்லும் இசை உயிரற்றதாகிவிடும். நாம் பேசும்போது, அரிய சொல் ஒன்றைச் சொல்லுமுன் சற்றே தயங்குகிறோம். ஆர்வம் மிகும்போது விரைகிறோம். இசையிலும் அவ்வாறே, ஓரிடத்தில் சிறிது காலத்தை மிகுதியாக எடுத்துக்கொண்டு மற்றோரிடத்தில் அதனை ஈடுசெய்வர். இதற்கு இத்தாலிய மொழியில் ‘ருபாட்டோ’ என்று பெயர். களவாடப்பட்டது என்பது அதன் பொருள். போலந்து நாட்டு இசைமேதை பிரடெரிக் சோப்பின், இடக்கை தாளத்தை ஆளும் தலைவனாக நின்று நிலைபிறழாமல் செல்ல வேண்டும் என்றும், வலக்கை உரிமையோடு தயங்கியும் விரைந்தும் பாடலாம் என்றும் தம் மாணாக்கர்க்குக் கற்பித்தார். அவர் காலத்துப் பியானோ வல்லுநரான பிரான்ஸ் லிஸ்ட், சோப்பினுடைய இம்முறைக்கு மரத்தை உவமையாகக் காட்டினார். காற்றிலே இலைகள் அசைந்தாடுகின்றன. மரமோ நிலைபெயராமல் நிற்கிறது. இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்வதே ருபாட்டோவின் நுட்பம்.

மூன்றாவது, சுரம் நிற்கும் நேரம். இதற்குத் துணைபுரிவது மிதி. மிதியை அழுத்திய நிலையில் ஒரு தந்தியைத் தட்டினால், அதனோடு உறவுடைய பிற தந்திகளும் தாமே அதிர்கின்றன. ஒலிக்கு ஒரு விரிவும் ஒளியும் உண்டாகின்றன. ஆனால், மிதியை அளவுக்கு மீறி அழுத்தி வைத்தால், முன்னைய சுரங்களும் பின்னைய சுரங்களும் கலந்து, நீர் பட்ட மையெழுத்துப் போல யாவும் குழம்பிவிடும். எனவே, சுரக்கூட்டு மாறுந்தோறும் மிதியை விடுத்து மீண்டும் அழுத்துவர். சிலவிடங்களில் பாதியளவே அழுத்துவர். காண்போர் கண் விரல்களையே நோக்கும். காலின் பணியை எவரும் கவனிப்பதில்லை. எனினும், கால் பிழைத்தால் கையின் உழைப்பு முழுவதும் பாழாகும்.

ஒலி நிற்கும் நேரத்தைப் போலவே, ஒலியில்லாத நேரமும் இசையின் பகுதியாகும். வாக்கியத்துக்குக் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் எவ்வாறோ, இசைத்தொடருக்கு இடைநிறுத்தம் அவ்வாறு. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில், பியானோ வாசிப்போரின் கையும் மூச்சு வாங்குதல் வேண்டும். இதனாலேயே, சிறந்த பாடகரைச் சென்று கேட்டு வருமாறு சோப்பின் தம் மாணாக்கரைத் தூண்டினார்.

இனி, இக்கலை தழைத்த காலத்தை நோக்குவோம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பியக் கலைஞர்கள், தனிமனிதனின் உள்ளத்து உணர்ச்சியைக் கலையின் நடுவிடத்தில் வைத்துப் போற்றலாயினர். இலக்கியம், ஓவியம், இசை ஆகியவற்றில் பரவிய இப்போக்கினை ரொமான்டிக் இயக்கம் என்பர். அந்நாளில் பியானோ பலருடைய இல்லங்களிலும் இடம்பெறலாயிற்று. அரங்குக்கும் அரண்மனைக்கும் எழுதிய இசைவாணர், இல்லத்து அறைக்கெனவும் மிகுதியாக எழுதத் தொடங்கினர். ஓர் உணர்ச்சியை மட்டும் எடுத்துச் சில பக்கங்களில் வடித்துக் காட்டும் சிற்றுருப்படிகள் பெருகின. அயர்லாந்து நாட்டவரான ஜான் பீல்டு, இரவின் அமைதியைக் காட்டும் ‘நாக்டர்ன்’ என்னும் வகையைத் தொடங்கி வைத்தார். சோப்பின் அதனைச் சிகரத்துக்கு உயர்த்தினார். ஜெர்மானியரான ராபர்ட் ஷூமான், 1838ஆம் ஆண்டில் ‘குழந்தைப் பருவக் காட்சிகள்’ என்னும் பெயரால் 13 சிற்றுருப்படிகளை இயற்றினார். இவை குழந்தைகள் வாசிப்பதற்கென எழுதப்பட்டவை அல்ல. வளர்ந்தவர் தம் இளமையை நினைந்து பார்ப்பதாக அமைந்தவை. அவற்றுள் ஏழாவதாகிய ‘கனவு’ உலகெங்கும் அறியப்பட்டது. அதில் ஓர் இசைத்தொடர் திரும்பத் திரும்ப மேலேறி வருகிறது. சுரங்களைக் கற்பது அரிதன்று. ஆனால், வரும் ஒவ்வொரு முறையும் அத்தொடரைப் புதியதாக உணர்ந்து வாசித்தல், தேர்ந்த கலைஞர்க்கும் அரிய செயலாகும்.

சோப்பின் 1810ஆம் ஆண்டில், வார்சா நகருக்கு அணித்தான ஒரு சிற்றூரில் பிறந்தார். 1830ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தாய்நாட்டை விட்டுச் சென்ற சில வாரங்களில், போலந்து மக்கள் உருசிய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். அடுத்த ஆண்டில் அக்கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. பாரிஸ் நகரில் குடியேறிய சோப்பின், மீண்டும் தாய்மண்ணை மிதிக்கவே இல்லை. நலிந்த உடலினரான அவர், தம் வாழ்நாளில் ஏறத்தாழ 30 பொது அரங்குகளிலேயே வாசித்தார். நண்பர் இல்லங்களில் சிலர் சூழ்ந்திருக்க வாசிப்பதையே பெரிதும் விரும்பினார். அவருடைய வாசிப்பு மிக மென்மையானது. பெரிய அரங்குக்கு அது போதாது என்று குறை கூறியவரும் உண்டு. அருகிருந்து கேட்டவர்களோ, அம்மென்மைக்குள்ளேயே அவர் எத்தனை படிகளைக் காட்டினார் என வியந்தனர்.

அவருடைய உருப்படி ஒன்றை எடுத்துக்காட்டாகக் காண்போம். 1839ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட 24 முன்னிசைகளுள் நான்காவது, 25 தாளக் கட்டங்களே உடையது. வாசிக்க ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகும். அதன் தொடக்கத்தில் வலக்கை பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. ஒரு சுரத்தை நீண்டு ஒலித்து, அதற்கு அடுத்த மேற்சுரத்தைச் சிறிது தொட்டு, மீண்டும் பழைய சுரத்துக்கே வருகிறது. பெருமூச்சு விட்டு விட்டு ஒரே சொல்லைச் சொல்லும் மனிதரைப் போன்றது அது. இடக்கையோ ஒவ்வொரு தாளக் கட்டத்திலும் எட்டு முறை சுரக்கூட்டை ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அச்சுரக்கூட்டில் ஒரு முறை ஒரு சுரம், மறுமுறை வேறொரு சுரம் என மிகச் சிறிய அளவில் கீழிறங்கிக்கொண்டே போகின்றன.

புதிதாகக் கற்றவர் அந்த எட்டையும் ஒரே அளவில் ஒலிப்பர். அது சுவரில் ஆணி அடிப்பது போல் இருக்கும். தேர்ந்த கலைஞர் வாசிக்கும்போது அவ்வெட்டும் நாடித்துடிப்பைப் போல் உயிர்பெறுகின்றன. எந்தச் சுரம் கீழிறங்குகிறதோ அதனைப் பிறர் அறியாத அளவில் சற்றே தெளிவாக்குவர். பொழுது சாய்வதை நாம் நிழலைக் கொண்டு உணர்வது போல், கேட்போர் அச்சரிவை உணர்வர். நடுப்பகுதி கடந்ததும், அடங்கியிருந்த துயரம் ஒரு முறை பொங்கி எழுகிறது; எழுந்த வேகத்திலேயே தணிகிறது. முடிவுக்கு முன்னர் முழு மௌனம். பின்பு, மிக மெல்லிய மூன்று சுரக்கூட்டுகளோடு உருப்படி முடிகிறது. அந்த மௌனம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதைச் சோப்பின் அளவிட்டு எழுதவில்லை. கலைஞரின் உள்ளத்துக்கே விட்டுவிட்டார். சிறிது குறைந்தால் துயரத்தின் ஆழம் தெரியாது; சிறிது மிகுந்தால் நடிப்பாகத் தோன்றும். 1849ஆம் ஆண்டில் சோப்பின் மறைந்தபோது, பாரிஸ் நகரத்து மதலேன் ஆலயத்தில் நிகழ்ந்த இறுதிச் சடங்கில் இவ்வுருப்படியும் ஆர்கன் என்னும் பேரிசைக் கருவியில் வாசிக்கப்பெற்றது.

இக்கலையின் அருமையை 20ஆம் நூற்றாண்டில் விளக்கமுறச் செய்தவருள் ஒருவர் தீனு லிப்பாட்டி. அவர் 1917ஆம் ஆண்டில் ருமேனிய நாட்டுத் தலைநகராகிய புக்காரெஸ்டில் பிறந்தார். தந்தையார் வயலின் வல்லவர்; தாயார் பியானோ வாசிப்பவர். ருமேனியாவின் பெரும் இசைவாணரான ஜார்ஜ் எனெஸ்கு, அவருடைய ஞானத்தந்தையாக அமைந்தார். புளோரிகா முசிசெஸ்கு என்னும் கண்டிப்பு மிக்க ஆசிரியையிடம் லிப்பாட்டி பயின்றார். 1933ஆம் ஆண்டில் வியன்னா நகரில் நடைபெற்ற அனைத்துலகப் போட்டியில் அவருக்கு இரண்டாம் பரிசே கிடைத்தது. நடுவருள் ஒருவராகிய பிரெஞ்சுப் பியானோ மேதை ஆல்பிரட் கோர்ட்டோ, முதற்பரிசு அவ்விளைஞருக்கே உரியது என்று கருதி, நடுவர் குழுவினின்றும் விலகினார். பின்னர் லிப்பாட்டி பாரிஸ் சென்று கோர்ட்டோவிடமே பயின்றார். பால் டூக்கா, நாடியா புலான்ஜே ஆகியோரிடம் இசை இயற்றும் கலையைக் கற்றார்.

லிப்பாட்டி எதனையும் விரைந்து மேடைக்குக் கொண்டுவருபவர் அல்லர். பேத்தோவன் இயற்றிய பேருருப்படி ஒன்றை இசைத்தட்டில் பதிவு செய்ய அவரைக் கேட்டபோது, அதனை ஆயத்தம் செய்ய நான்கு ஆண்டுகள் வேண்டும் என்று அவர் விடையளித்தார் எனக் கூறுவர். இயற்றியவர் எழுதிய ஒவ்வொரு குறியையும் ஆராய்ந்து, அதன் கருத்தை உணர்ந்த பின்னரே அவர் மேடை ஏறுவார். தம் திறமையைக் காட்டுவதற்காக ஒரு சுரத்தையேனும் உரக்க ஒலிப்பதில்லை என்பதை அவருடைய இசைத்தட்டுகள் இன்றும் நமக்கு அறிவிக்கின்றன.

இரண்டாம் உலகப்போரின் இடையே, 1943ஆம் ஆண்டில் லிப்பாட்டி தாய்நாட்டை விட்டுச் சுவிட்சர்லாந்து சென்றார். ஜெனீவா நகர இசைக் கல்லூரியில் ஆசிரியப் பொறுப்பு ஏற்றார். அக்காலத்திலேயே நோய் அவரைப் பற்றியது. அது, நிணநீர்க் கணுக்களைத் தாக்கும் ஹாட்ஜ்கின் நோய் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இந்நாளில் பெரும்பாலும் குணப்படுத்தக் கூடிய அந்நோய்க்கு, அந்நாளில் தக்க மருந்து இல்லை. 1950ஆம் ஆண்டுக் கோடையில், அக்காலத்தில் புதியதாக வந்திருந்த கார்ட்டிசோன் என்னும் மருந்து அவருக்குச் சில வாரங்கள் தெம்பளித்தது. இசைத்தட்டு நிறுவனத்தார் தம் கருவிகளோடு ஜெனீவாவுக்கே வந்தனர். அந்த ஜூலைத் திங்களில், சோப்பினின் 14 வால்ட்ஸ் உருப்படிகளையும் வேறு சிலவற்றையும் லிப்பாட்டி வாசித்துப் பதிவு செய்தார்.

வால்ட்ஸ் என்பது மூன்றெண்ணிக்கைத் தாளத்தில் அமைந்த நடனம். ஆனால், சோப்பினின் வால்ட்ஸுகள் ஆடுவதற்கென எழுதப்பட்டவை அல்ல. நடனம் நிகழ்ந்த இரவை நினைவுகூர்வதாக அவை அமைந்துள்ளன எனலாம். அவற்றுள் ஒன்று, 1835ஆம் ஆண்டில் மரியா வோட்ஜின்ஸ்கா என்னும் நங்கைக்கு அவர் எழுதி அளித்தது. அவளை மணக்க அவர் விரும்பினார், திருமணம் கைகூடவில்லை. ‘விடைபெறும் வால்ட்ஸ்’ எனப் பிற்காலத்தார் வழங்கும் அவ்வுருப்படியை அவர் தம் வாழ்நாளில் வெளியிடவே இல்லை.

அதே ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 16ஆம் நாள், பிரான்சு நாட்டுப் பெசான்சோன் நகர இசைவிழாவில் லிப்பாட்டி வாசிப்பதாக ஏற்பாடாகியிருந்தது. மருந்தின் பயன் அதற்குள் குன்றிவிட்டது. மருத்துவர் செல்ல வேண்டா என்று தடுத்தார். அவரோ, கொடுத்த வாக்கைக் காப்பதே கடமை என்று கருதிப் புறப்பட்டார். மேடையில் அமர்ந்ததும், கட்டைகளின் மீது விரல்களை மெல்ல ஓடவிட்டுக் கருவியைப் பழகிக்கொண்டார். பின்னர்ப் பாக் இயற்றிய ஓர் உருப்படியை வாசித்தார். அடுத்து, மோட்சார்ட் தம் அன்னையை இழந்த 1778ஆம் ஆண்டில் இயற்றிய சொனாட்டாவை வாசித்தார். ஷூபர்ட்டின் சிற்றுருப்படிகள் இரண்டு அதன்பின் வந்தன. இறுதியாகச் சோப்பினின் 14 வால்ட்ஸுகளையும் வாசிக்கத் தொடங்கினார். ஒன்றன்பின் ஒன்றாக 13 முடிந்தன. பதினான்காவதை வாசிக்க உடலில் வலிமை எஞ்சவில்லை. அதனை விடுத்து, ஆங்கிலப் பியானோக் கலைஞர் மைரா ஹெஸ் பியானோவுக்கென அமைத்த பாக்கின் வழிபாட்டு இசையொன்றை அமைதியாக வாசித்து நிறைவு செய்தார். அதுவே அவருடைய கடைசி அரங்கு. டிசம்பர் 2ஆம் நாள் அவர் ஜெனீவாவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 33.

பெசான்சோன் நிகழ்ச்சியைப் பிரெஞ்சு வானொலியார் பதிவு செய்திருந்தனர். அப்பதிவு பின்னர் இசைத்தட்டாக வெளிவந்தது. அந்த 13 வால்ட்ஸுகளையும் இன்றும் நாம் கேட்கலாம். கேட்போர்க்கு வியப்பூட்டுவது யாதெனின், அவ்விசையில் நோயின் முறையீடு இல்லாமையே. இடக்கை தாளத்தை இலேசாகத் தாங்குகிறது. வலக்கை தெளிவாகப் பாடுகிறது. துள்ள வேண்டிய இடத்தில் சுரங்கள் துள்ளுகின்றன. ஏங்க வேண்டிய இடத்தில் சற்றே தயங்குகின்றன. தம் நிலையை அறிந்திருந்த அக்கலைஞர், கேட்போரின் இரக்கத்தை வேண்டி ஒரு சுரத்தையும் இழுக்கவில்லை. மகிழ்ச்சியான உருப்படியை மகிழ்ச்சியாகவே வாசித்தார். சோப்பின் எழுதியதைச் சோப்பின் எழுதியவாறே கேட்போர் உள்ளத்தில் சேர்ப்பதே தம் கடமை எனக் கொண்டார்.

நாம் முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை இங்கே கிடைக்கிறது. உணர்ச்சியைக் காட்டும் கலை என்பது, கலைஞர் தம் சொந்த உணர்ச்சியைக் கொட்டித் தீர்ப்பதாகாது. முகத்தைச் சுளிப்பதும், உடலை அசைப்பதும், தாளத்தைத் தம் விருப்பம்போல் நீட்டிக் குறுக்குவதும் உணர்ச்சியின் போலிகளே. விசையையும் காலத்தையும் மௌனத்தையும் அளந்து ஆள்வதே உண்மைக் கலை. அவ்வளவை அறிவதற்குப் பல்லாண்டு உழைப்பு வேண்டும்; அதனினும் மேலாக அடக்கம் வேண்டும். அடங்கிய கலைஞரிடத்திலேயே, மறைந்த இசைவாணரின் குரல் மீண்டும் ஒலிக்கிறது.

இவ்வுண்மை பியானோவுக்கு மட்டும் உரியதன்று. பேசுவோரும், எழுதுவோரும், பிற கலை பயில்வோரும் இதனை நினைவிற் கொள்ளலாம். மாணவர்களே! வாய்ப்பு நேரும்போது லிப்பாட்டியின் இசைத்தட்டு ஒன்றை அமைதியான இடத்தில் இருந்து கேளுங்கள். முதன்முறை பாட்டை மட்டும் தொடர்ந்து செல்லுங்கள். மறுமுறை இடக்கையின் தாளத்தைக் கவனியுங்கள். மூன்றாம் முறை ஒலிகளுக்கு இடையிலுள்ள மௌனத்தைக் கேளுங்கள். அந்நிய நாட்டு இசை என்னும் தடை மெல்ல மெல்ல விலகும். தட்டினால் ஒலித்து உடனே தேயும் ஒரு கருவி, மனித உள்ளத்தின் மொழியைப் பேசுவதை அப்போது நீங்களே உணர்வீர்கள்.